உஷார்! திருவிழாவுக்கு கேமராக்கள் வருகின்றன

பகுதி மக்களே கூடி நடத்தும் கலைவிழாவுக்கு வேலையைத் தொடங்கிவிட்டீர்களா? அப்படியென்றால் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மேடைக்கு ஆள் போட்டிருப்பீர்கள். மைக் செட், ஷாமியானா, தண்ணீர் கேன், காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய மனு எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். புகைப்படப் பிரிவுக்கு யார் என்று கேட்டால் மட்டும், “ரெண்டு பசங்க கேமரா வெச்சிருக்காங்க, பாத்துக்குவாங்க” என்று பதில் வரும். போட்டி, கண்காட்சி, பிள்ளைகளுக்கான பயிற்சிப் பட்டறை, விழாவைப் படம்பிடிப்பது என நான்கு பெரிய வேலைகள் அந்த ஒரு வரியில் அமுங்கிப்போகின்றன. விழாவிலேயே அதிகச் சேதம் செய்யக்கூடிய பிரிவு இதுதான். மேடை சரிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். படத்தால் வரும் சேதம் ஆறு மாதம் கழித்து, ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பெண்ணின் கைப்பேசியில் வந்து நிற்கும்.

கல்யாண மண்டப வாசலில் இப்போதெல்லாம் ஒரு ஸ்டாண்டி நிற்கிறது. அதில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி கொடுத்தால், அன்று எடுத்த அத்தனை படங்களிலிருந்தும் உங்கள் முகம் இருக்கும் படங்களை மட்டும் செயலி பொறுக்கிக் கொடுத்துவிடும். கல்யாண வீட்டுக்கு அது வசதி. அதே ஏற்பாடு இப்போது தெரு விழாக்களுக்கும் வந்துவிட்டது. “விழாப் படங்களை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுக்கிறோம்” என்று ஸ்டூடியோக்காரர்கள் முன்வருகிறார்கள். கையில் காசில்லாத கமிட்டி சந்தோஷமாகத் தலையாட்டுகிறது.

அப்படி ஒரு விழாவில் என் தோழியிடம் சொல்லி, அவள் மகளின் பழைய பள்ளிப் படம் ஒன்றை அந்தச் செயலியில் ஏற்றச் சொன்னேன். எதிரே இருப்பது ஆளா, கேலரியில் கிடந்த படமா என்று செயலி கேட்கவே இல்லை. சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றதும் படங்கள் வரிசையாக வந்தன. கோலப்போட்டியில் குனிந்திருந்தவள், பறைப் பயிற்சியில் குச்சியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், தோழியின் தோளில் கைபோட்டுக் குச்சி ஐஸ் தின்றவள், மேடைக்குப் பின்னால் ஜடைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மணியும் நிமிடமும். தோழிக்குக் கை நடுங்கிவிட்டது. “இவ படம் வெச்சிருக்கிற யாரு வேணும்னாலும் இத எடுக்கலாமா?” என்று கேட்டாள். எடுக்கலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் ஒரு படம் போதும். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறவனுக்கு அவள் யாரோடு வந்தாள், எத்தனை மணிக்கு எங்கே நின்றாள், நெருங்கிய தோழி யார் என்பதெல்லாம் அலையாமல் கிடைத்துவிடுகிறது. மார்ஃபிங் செய்கிறவனுக்கும் பல கோணங்களில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த முகம் கிடைக்கிறது. அந்த வேலைக்கு முன்பு ஃபோட்டோஷாப் தெரிந்திருக்க வேண்டும். இப்போது ஏஐ செயலி செய்துவிடுகிறது.

இந்த முகம் தேடும் ஏற்பாட்டை உங்கள் விழாவில் வைக்கவே வைக்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஸ்பான்சர் வற்புறுத்தினாலும் வேண்டாம். 2023-ம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாத யாருடைய தரவைக் கையாளவும் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கும் விதமாகத் தரவைப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் கடமை தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வருகின்றன. சட்டம் முழுதாக வரட்டும் என்று நாம் காத்திருக்கும் அந்த இடைவெளியில் எத்தனை விழாக்கள் நடந்து முடிந்துவிடும் என்று யோசியுங்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாத இன்னொரு காரியமும் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் ஸ்பான்சர்களும் செலவுக்குக் கணக்காக ‘ஜிபிஎஸ் ஃபோட்டோ’ கேட்கிறார்கள். தன்னார்வலர்கள் அதற்கென்று ஒரு கேமரா செயலியை இறக்கி வைத்திருக்கிறார்கள். படத்தின் அடியில் சின்ன வரைபடம், தெருப் பெயர், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் அச்சாகிவிடும். அதே படம் மாலையில் விழாவின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் ஏறுகிறது. ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய எட்டு வயதுச் சிறுமி சான்றிதழை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சான்றிதழில் பெயர், வகுப்பு, பள்ளி. படத்தின் அடியில் தெரு. இதற்கு மேல் ஓர் அந்நியனுக்கு என்ன வேண்டும்? கணக்குக்கு ஜிபிஎஸ் படம் தேவையென்றால் காலி மேடையையும் அடுக்கி வைத்த நாற்காலிகளையும் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளை அந்தச் செயலியால் எடுக்கக் கூடாது. எழுத்து அச்சாகாத படத்துக்குள்ளும் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ‘தரம் குறையக் கூடாது’ என்று டாக்குமென்ட்டாக அனுப்பினாலோ, டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தாலோ அப்படியே போய்ச் சேரும். படம் எடுக்கப்போகும் ஒவ்வொருவரும் கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷனை அணைத்ததைக் காலையிலேயே ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

காப்பகப் பிள்ளைகளை விழாவுக்கு அழைத்து ஆட வைக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அவர்களை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது குற்றம். 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பக வார்டன் வாய்வார்த்தையாக ‘எடுத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடாது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியை அவளை அடித்துத் துரத்திய வீட்டார் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த நடனத்தைப் படம்பிடிக்க வேண்டுமென்றால் கால்களையும் சலங்கையையும் கைமுத்திரைகளையும் எடுங்கள்.

உடை மாற்றும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெரு விழாவில் க்ரீன் ரூம் என்பது மாநகராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறையாகவோ, நாலு கம்பில் கட்டிய புடவை மறைப்பாகவோ இருக்கும். ‘மேடைக்குப் பின்னால்’ என்று படத்தொடர் எடுக்கும் ஆசை எல்லாப் புகைப்படக்காரர்களுக்கும் உண்டு. ஒப்பனை முடித்து வெளியே வந்து நிற்கும்போது, கேட்டுவிட்டு எடுக்கட்டும். மறைப்புக்கு உள்ளே எந்த கேமராவும் எந்தக் கைப்பேசியும் போகக் கூடாது. பெண்கள் தனிமையில் இருக்கும் நிலையைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாசலில் ஓர் அக்கா நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இரவு கடைசி நிகழ்ச்சி முடியும்வரை அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இனி போட்டி. சென்னையில் 2016 முதல் ஃபோட்டோ பினாலே என்ற புகைப்பட விழா நடக்கிறது. 2019-ல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பேற்று அமைத்த பினாலேயின்போது சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்குள்ளேயே படங்கள் வைக்கப்பட்டன. அதைப் பார்த்தவர்களுக்கு நம் தெருவிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை வருவது நியாயம். ஆனால் ‘மீனவர் வாழ்வு’ என்றோ ‘உழைக்கும் கைகள்’ என்றோ தலைப்பு கொடுத்துப் பொதுப்போட்டி அறிவித்தால் என்ன நடக்கும் தெரியுமா? விடியற்காலையில் குப்பத்துக்குள் முன்பின் தெரியாத கேமராக்கள் கூட்டமாக நுழையும். காசிமேட்டில் ஞாயிறு தவறாமல் பார்க்கலாம். ஏலம் நடக்கும் இடத்தில் மீன்கூடைக்கும் வியாபாரிக்கும் நடுவே லென்ஸை நீட்டுவார்கள். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் ஒரு பையன், “எக்கா, ஒரே ஒரு போட்டோ” என்று கேட்டான். அவர் கத்தியை நிறுத்தாமலே, “போன வாட்டி எடுத்துக்கினு போனவன் ஒருத்தனும் காட்டலபா. என் மூஞ்சி எங்க கீதுன்னு எனக்கே தெரியல” என்றார். பையனிடம் பதில் இல்லை. நம் கமிட்டிகளிடமும் இல்லை.

அந்த அக்காவின் கோபத்துக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழைய காரணம் இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கேமராவுமாகத் தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் படங்களுக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் சாதியின் பெயரும் குலத்தின் பெயரும்தான். நின்றவருக்குப் பெயர் இல்லை. இன்றைக்கு நம் கண்காட்சியில் ‘மீனவப் பெண்’, ‘துப்புரவுத் தொழிலாளி’, ‘பறையடிக்கும் முதியவர்’ என்று அட்டை எழுதி வைத்தால், அதே வேலையைத்தான் நாமும் செய்கிறோம். பெரியவர்களிடம் பெயர் போடலாமா என்று கேளுங்கள். போடச் சொன்னால் அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் பெயரோடு பள்ளியையும் தெருவையும் சேர்க்காதீர்கள்.

பெரிய இடங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2017-ல் புகைப்பட இணையதளமான லென்ஸ்கல்ச்சர், மேக்னம் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய சர்வதேசப் போட்டிக்கு விளம்பரமாக முகநூலில் ஒரு படத்தைப் போட்டது. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண், வாடிக்கையாளரோடு இருக்கும் படம். முகம் தெரிந்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்த பிறகுதான் எடுத்தார்கள். மறு வருடம் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைகளின் முன்னால் பொய்யான சாப்பாட்டை மேஜையில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி எடுத்த படங்கள் வெளியாயின. நடுவர்களும் எடிட்டர்களும் நிறைந்த அமைப்புகளுக்கே இது நேர்ந்தது. நம் கமிட்டியில் படத்தைப் பார்த்து ‘இது வேண்டாம்’ என்று சொல்ல ஒருவரையாவது நியமித்திருக்கிறோமா? நடுவர் குழுவில் அந்தத் தெருவிலேயே வாழும் இரண்டு பேராவது இருக்க வேண்டும். தங்கள் பக்கத்து வீட்டாரை எந்தப் படம் அவமானப்படுத்தும் என்பது நகரத்து நடுவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போட்டி விதிகளில் ‘அனுப்பப்படும் படங்கள் அனைத்தும் விழாக் குழுவுக்கே சொந்தம்’ என்று எங்கிருந்தோ நகலெடுத்த வரி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அடித்துவிடுங்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-வது பிரிவு சொல்கிறது. இந்த ஆண்டுக் கண்காட்சிக்கும் அழைப்பிதழுக்கும் மட்டும், பெயர் போட்டுப் பயன்படுத்துவோம் என்று எழுதினால் போதும். இதில் கமிட்டிகள் கவனிக்காத மறுபக்கமும் உண்டு. சம்பளமில்லாமல் படம் எடுக்கும் தன்னார்வலருக்கே அந்தப் படங்களின் உரிமை. முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால், அவர் நாளைக்கு உங்கள் தெருப் பிள்ளையின் படத்தைப் படவங்கிக்கு விற்றால் கமிட்டி கேள்வி கேட்க முடியாது. ‘பிள்ளைகள் படத்தைக் கமிட்டி சம்மதம் இல்லாமல் எங்கும் போட மாட்டேன், விற்க மாட்டேன், கேட்டால் அழித்துவிடுவேன்’ என்று கையெழுத்து வாங்காமல் யாருக்கும் அடையாள அட்டை கொடுக்காதீர்கள். முகம் தெரிந்த பையனாயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம்.

சம்மதம் வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவம் நீட்டி கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. படத்தை எங்கே மாட்டுவோம், எந்தப் பக்கத்தில் போடுவோம், எடுத்துவிடச் சொன்னால் எடுப்போம் என்பதைப் பேச்சுத் தமிழில் வாயால் சொல்லி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். விழா நாளுக்கு முந்தின வாரம் வீடு வீடாகப் போனால்தான் இது நடக்கும். படம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள், ஆனால் கலர் கயிறு மட்டும் கூடவே கூடாது. கோயில் கயிறு எல்லார் கையிலும் இருக்கிறது, வித்தியாசம் தெரியாது. அதைவிட, தென்மாவட்டப் பள்ளிகளில் கயிற்றின் நிறமே சாதி அடையாளமாகி ரத்தம் சிந்தியிருக்கிறது. 2024-ல் நீதிபதி சந்துரு குழு தந்த அறிக்கையிலேயே அதைத் தடைசெய்யச் சொல்லியிருக்கிறார்கள். கேமரா படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட வட்ட ஸ்டிக்கரைத் தோளில் ஒட்டுங்கள். எங்கள் அனுபவத்தில் அது தூரத்திலிருந்தே தெரிகிறது, பிள்ளைகளும் வெட்கப்படாமல் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு ‘அப்படியானால் படமே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2015-ல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலானோர் அந்த ஊர் மக்களோடு சேர்ந்து விழா தொடங்கினார்கள். சபாக்களுக்குள் இருந்த கர்நாடக இசையும் பரதமும், பறையும் வில்லுப்பாட்டும் இருக்கும் கடற்கரைக்கு வந்தன. கலை யாருக்குச் சொந்தம் என்று கேட்ட விழா அது. புகைப்படத்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும், அதற்கு வழி கேமராவை அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் கொடுப்பதுதான். மலக்குழி மரணங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவரும் புகைப்படக்காரர் பழனிக்குமார், மதுரைப் பக்கம் மீன் விற்ற தன் தாயை எடுத்த படங்களைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த எந்த லென்ஸும் அந்த நெருக்கத்தை எட்டாது. அவர் பிள்ளைகளுக்கும் புகைப்படம் சொல்லிக்கொடுத்து வருகிறார். உங்கள் பட்ஜெட்டில் முதல் பரிசுத் தொகையைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் பட்டறைக்குக் கொடுங்கள். பட்டறை ஒரு நாள் கூத்தாக முடிந்துவிடக் கூடாது. அவர்கள் எடுத்த படத்தை அவர்களே தேர்ந்தெடுத்து, அச்சுப்போட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகும் வரை நடக்க வேண்டும்.

கண்காட்சி மாட்டுகிறவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து, வண்டியில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்ததை மறந்துவிடக் கூடாது. ‘படம்தானே’ என்று தெருவுக்குக் குறுக்கே ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டாதீர்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசத் தொடங்கினால் சன்போர்டில் ஒட்டிய படம் விசிறிபோலப் பறந்து முகத்தில் அடிக்கும். துணியில் அச்சடித்து, கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு, பிள்ளைகளின் கண் மட்டத்தில் தொங்கவிடுங்கள். சட்டகம் நிறுத்தினால் காலில் மணல் மூட்டை கட்டுங்கள். ட்ரோனுக்கு ஆசைப்படுகிறவர் இருந்தால், பதிவு எண்ணைக் காட்டி, அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்றும் காட்டட்டும். காட்டினாலும் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்க விடாதீர்கள்.

விழா இரவுதான் எல்லாரும் கோட்டைவிடும் நேரம். களைப்பில் மெமரி கார்டுகள் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் வீட்டுக்குப் போய்விடும். அங்கேயே உட்கார்ந்து, கமிட்டியின் ஒரே ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை லேப்டாப் என்றால் நகலெடுத்த பிறகு அதிலிருந்து அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை யாரும் அவரவர் பக்கத்தில் ஏற்றக் கூடாது. பொறுப்பாளர் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், எல்லாப் படங்களையும் பார்த்து ஒதுக்கிய பிறகே வெளியே போகட்டும்.

‘என் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்ல ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதைக் கண்காட்சி வாசலிலும் விழாப் பக்கத்திலும் பெரிதாகப் போடுங்கள். அழைப்பு வந்தால் காரணம் கேட்காமல் முதலில் படத்தை இறக்குங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். படத்தை யாராவது மார்ஃபிங் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணைத் திட்டவோ சமரசம் பேசவோ யாரையும் விடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டையும் லிங்க்கையும் பத்திரப்படுத்தி, சைபர் குற்றப் பிரிவின் 1930-க்கு அழையுங்கள். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 1098-க்கும் சொல்லுங்கள். இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே பொறுப்பாளர்களின் கைப்பேசியில் ஏற்றிவிடுங்கள்.